கூழ்ப் பானையும் நான் வாசிக்காமல் விட்ட வரியும்

அந்தக் கூழில் இருந்த கிருமிகள் அக்காவின் உடம்புக்குள் போய் என்ன செய்தன?

இரண்டு வருடம் ஆகப்போகிறது. நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். எனக்கே தெரியவில்லை.

அக்கா என்று நான் சொல்வது என் கணவருடைய அண்ணனின் மனைவியை. உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகள் பிறந்து நான் திரும்பப் பள்ளிக்கூட வேலைக்குப் போனபோது குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். எதைத் தொட்டாலும் கை கழுவுகிற என் பழக்கம் அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"இன்னாடி கிருமிக்காரி, காத்தாலயே அந்தத் தேய் தேய்க்கிற? தோலு உரிஞ்சி கையோட வந்துடப் போவுது" என்பாள்.

அவளுக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது காஞ்சிபுரம் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

"நிறுத்தி நிதானமா படிம்மா" என்றார் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "எதுவும் வுட்டுப்பூடக் கூடாது."

கொதித்து ஆறிய தண்ணீர். தோல் உரித்த பழம். பச்சைக் காய்கறி வேண்டாம். வெளிச் சாப்பாடு வேண்டாம். கூட்டத்துக்குள் போக வேண்டாம்.

"அப்போ மூச்சு வுடலாமா கூடாதாடி? அது இன்னா போட்டுக்கீது, நல்லா பாரு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

ஆறாவது வரி, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நாட்களில் வீட்டில் உறை ஊற்றிய தயிரும், உயிருள்ள கிருமிகள் இருக்கிற புளித்த உணவுகளும் வேண்டாம் என்றது. நான் நிறுத்தினேன். அந்த நாட்களில் அக்காவின் வயிற்றில் தங்கியது தயிர்ச் சாதம் ஒன்றுதான். மற்ற எல்லாம் வெளியே வந்துவிடும். இந்த வரியைப் படித்தால் மாமா மறுநாளே தயிர்ச் சட்டியை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார், அணு குறைந்த நாளா கூடிய நாளா என்று பார்க்க மாட்டார். நான் ஏழாவது வரிக்குப் போய்விட்டேன்.

ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வரியை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு என் போனுக்குத்தான் வரும். குறைந்திருக்கும் நாளில், "இன்னிக்குத் தயிர் வேணாங்க்கா, சளி பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிடுவேன். நாலைந்து முறை அப்படிச் சொல்லவும் செய்தேன். அவளும் கேட்டுக்கொண்டாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லை. முதுகலை கடைசி வருடத்தில் என் ஆய்வே கூழைப் பற்றியதுதான். கல்லூரி வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் கூழ் வாங்கி, அதிலிருந்து புளிப்பைத் தருகிற லாக்டோபாசில்லஸ் கிருமியைப் பிரித்து வளர்த்தேன். அது வளர்ந்த திரவத்தை வடிகட்டி வேறொரு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனோம். அங்கே பிளாஸ்டிக் தட்டுகளில் புற்றுச் செல்களை வளர்த்துவந்தார்கள். அவையும் பெருங்குடல் புற்றுச் செல்கள்தான். திரவத்தை ஊற்றி மறுநாள் பார்த்தபோது, தட்டில் ஒட்டிப் பரவியிருந்த செல்கள் சுருங்கி உருண்டையாகி மிதந்தன. அந்தப் படம் என் ஆய்வேட்டில் ஒட்டியிருக்கிறது.

வழிகாட்டிய ஆசிரியை அன்றே சொன்னார்: "தட்டுல செத்துச்சுன்னு மட்டும் எழுது. உடம்புல சாகும்னு ஒரு எழுத்து எழுதக்கூடாது. புளிப்பு ஊத்தினா எந்த செல்லும்தான் சாகும்." நல்ல செல்களின் மேல் ஊற்றினால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்க்கவேயில்லை. அதற்கு நேரமும் இல்லை, தட்டும் இல்லை.

மருந்து ஏற்றிக்கொண்டு வந்து சோர்ந்து படுத்திருந்த ஒரு மத்தியானம், பேச்சுவாக்கில் அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இப்போது பலமுறை யோசிக்கிறேன். ஆறுதலுக்காகவா, பெருமைக்காகவா?

"இது இன்னாடி, ஜவ்வரிசி கொட்ன மாரி கீது?"

"அதான்க்கா அந்த செல்லு. கூழ்லேர்ந்து எடுத்தத ஊத்தினப்புறம் எடுத்த படம்."

"செத்துப்பூச்சா?"

"தட்டுலக்கா. தட்டுல மட்டும்தான்."

"தட்டுல சாவறது வயித்துல சாவாதா? அது இன்னா எடம் பாத்தா சாவும்?"

நான் விளக்கினேன். தட்டு வேறு, குடல் வேறு, வயிற்றுக்குள் போனால் எது எங்கே போகும் என்று தெரியாது என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க வூட்டுப் பொண்ணு கூழ ஊத்தியே அத சாவடிச்சிக்கீறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்க வாய் எடுப்பேன். வந்தவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் வாய் மூடிக்கொள்ளும்.

ஆடி வந்தது. எங்கள் தெருக்கோடி அம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்ப்பது அக்காவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள். சனிக்கிழமை நொய் வேகவிட்டு அதில் மாவை ஊற்றிக் கிளறி, மண்பானையில் ஆற வைப்பாள். ஞாயிறு காலையில் தயிர் விட்டுக் கையால் கரைத்து வெங்காயம் போடுவாள். அடுப்பில் ஏறும்போது முதல் நாள் கிருமிகள் எல்லாம் செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூழில் உயிரோடு இருப்பவை பானையிலிருந்து, தயிரிலிருந்து, தண்ணீரிலிருந்து, கரைக்கிற கையிலிருந்து வந்தவை. இது எனக்குத் தெரியும். அக்காவுக்கு வேறு விதமாகத் தெரியும். "புளிப்பு கையில கீதுடி" என்பாள்.

அந்த வருடம் அவளால் கரைக்க முடியவில்லை. மருந்தினால் விரல் நுனிகள் மரத்துப்போய், தண்ணீரைத் தொட்டாலே ஊசி குத்தியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வேலை சொன்னாள்.

"அப்டி கொயப்பாதடி. கட்டிய கைல புடிச்சி நசுக்கு. பசங்களுக்குத் தல தடவிக்குடுக்கற மாரி தடவிக்கினு கீற."

நான் அன்று கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியிருந்தேன். அது நினைவிருக்கிறது. தண்ணீர் கொதிக்க வைத்ததா, குழாயிலிருந்து பிடித்ததா என்பது நினைவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் ஒரு குடம் மட்டும் தெரிகிறது, அதற்குள் இருந்த தண்ணீர் தெரியவில்லை.

கரைத்து முடித்ததும் அக்கா கேட்டாள், "ஒரு வாய் குடிக்கலாமாடி?"

முதல் நாள்தான் உத்திரமேரூரில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். முடிவு இன்னும் வரவில்லை. மாமா, "படிச்ச பொண்ணு சொல்லட்டும்" என்றார். என் கணவர், மாமியார், வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சொம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன முறை அணுக்கள் சரியாகத்தான் இருந்தன. பொறுங்கள், முடிவு வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அம்மன் கூழுக்குச் சளி என்ற சாக்கு எடுபடாது. ஏன் என்று சொல்லப்போனால் ஆறாவது வரி வெளியே வரும்.

"குடிங்கக்கா. ஒரு சொம்பு குடிக்கலாம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் கைக்கும் புளிப்பு வந்துட்ச்சிடி கிருமிக்காரி" என்றாள். மிச்சக் கூழை அண்டாவில் தூக்கிக்கொண்டு நாங்கள் கோயிலுக்குப் போனோம். மாமா மட்டும் அவளுக்குத் துணையாக வீட்டில் இருந்தார்.

மூன்று மணிக்கு, அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். வெள்ளை அணுக்களின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். நான் அதுவரை பார்த்ததிலேயே குறைந்த எண் அது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அண்டாவின் மிச்சப் பாதியையும் தேய்த்தேன். ஏற்கெனவே குடித்தாயிற்று, இனிச் சொல்லி என்ன, பயந்துவிடுவாள் என்று தோன்றியது. சாயங்காலம், "யாராவது பாக்க வந்தா கிட்ட போவாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவுக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. கார் பிடித்துக் காஞ்சிபுரம் போனோம். அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர், "கடைசி ரெண்டு மூணு நாள்ல என்ன சாப்பிட்டாங்க? வெளிய ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்ல சார், எல்லாம் வூட்டுச் சாப்பாடுதான்" என்றார் மாமா.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில லாக்டோபாசில்லஸ் கிருமிகளிடம் சில வீரியமான மருந்துகள் வேலை செய்யாது. இது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். கூழ் என்ற ஒரு சொல்லை அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவர்கள் வேறு மருந்து போட்டிருப்பார்களா? போட்டிருந்தால்? அல்லது அதே மருந்தைத்தான் போட்டிருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா வீட்டுக்கு வந்தாள், ஆம்புலன்ஸில், முகத்தை மூடி.

இறப்புச் சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்குப் போன அன்று பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். கூழ் குடித்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதனால வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ரத்தத்துல கிருமி எதுவும் வளரலை. மருந்து போட்ட பிறகு எடுத்த ரத்தம், அதனாலயும் வளராம இருக்கலாம். அணு இவ்வளவு குறைஞ்சா, அவங்க குடல்ல காலங்காலமா இருக்கிற கிருமியே போதும்மா, வெளியில இருந்து வரணும்னு இல்லை. பச்சை வெங்காயம் போட்டீங்கன்றீங்க, அதுல வந்திருக்கலாம். தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது."

பச்சைக் காய்கறி வேண்டாம் என்ற வரியை நான்தான் படித்துச் சொன்னேன், வெங்காயம் அன்று யாருக்கும் நினைவு வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஆய்வில் தட்டில் ஊற்றியது வடிகட்டிய திரவம், அதில் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை. அக்கா குடித்தது முழுக்க உயிரோடு. ஆரோக்கியமான உடம்பில் அவை குடலுக்குக் காவல் இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். மருந்தால் குடலின் சுவர் பெயர்ந்து, வெள்ளை அணுக்களின் காவலும் ஓய்ந்துபோன உடம்பில் அவை என்ன செய்யும் என்று அப்போது எழுதவில்லை. அவை அக்காவுக்கு ஒன்றுமே செய்யாமல் வெறுமனே கடந்து போயிருக்கலாம். நல்லதுகூடச் செய்திருக்கலாம். அதே வாரத்தில் அவளைக் கொன்றது வேறு ஏதோவாக இருக்கலாம். இந்த "லாம்" ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நடந்திருப்பேன்.

அக்காவின் கூழ்ப் பானையைப் பரணில் கவிழ்த்து வைத்தார்கள். சாவு விழுந்த வீடு என்று போன ஆடிக்குக் கூழ் வார்க்கவில்லை.

ஆனால் அவள் போன பிறகு இந்த வீட்டில் மாவு சீக்கிரம் புளிக்கிறது. இட்லிக்கு நான் கரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் வழிந்து நிற்கிறது. முன்பெல்லாம் என் கைக்கு மாவு பொங்கவே பொங்காது, அக்காதான் கரைப்பாள். மாமியார் ஒருநாள் வழிந்த மாவைத் துடைத்துக்கொண்டே, "அவ புளிப்பு உன் கைல ஏறிட்ச்சி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. ஒரே பாத்திரம், ஒரே கரண்டி, ஒரே சமையலறை. அவள் கையிலிருந்த கிருமிகள் பாத்திரங்களில் தங்கி, என் தோலில் குடியேறியிருக்கும். படித்த புத்தி இதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகப் பயம். பேய் என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். இதை எப்படி இல்லை என்று சொல்வது?

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. என் உள்ளங்கையை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு படுப்பது அவள் பழக்கம். இட்லி மாவு கரைத்த ஒருநாள் மத்தியானம், கண்ணை மூடியபடியே சொன்னாள்: "பெரிம்மா வாசன வருதும்மா."

கையை உருவிக்கொண்டு எழுந்து போய்ச் சோப்புப் போட்டேன். குழந்தை அழுதது. திரும்பி வந்து கையைக் கொடுத்தேன். இப்போ வரல என்று சொல்லி இன்னும் அழுதது. அதற்குப் பிறகு மாவு கரைத்தால் அன்று முழுவதும் கையைக் கழுவுவதா வேண்டாமா என்று நின்றுவிடுகிறேன்.

போன வாரம் மாமா வாலாஜாபாத்திலிருந்து கேழ்வரகு வாங்கி வந்தார். அரைத்துச் சலித்துத் தகர டப்பாவில் போட்டாகிவிட்டது. பானையைத் தானே இறக்கி, வெறும் தண்ணீரில் அலசி, தொட்டியின் மேல் காய வைத்தார்.

"இந்த வருசம் ஊத்திடலாம்மா. நீயே கரைச்சிடு" என்றார். பிறகு பானையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே கீறேன். அன்னிக்கி நீ ஒரு சொம்புதான் குடிக்கணும்ன. நீங்கள்லாம் கோயிலுக்குப் போன பெறவு நான்தான் இன்னொரு சொம்பு ஊத்திக் குடுத்தேன். போதும் போதும்னா. நான்தான், துன்றதே இல்ல, இதுனா குடி குடின்னு பேஜார் பண்ணி குடிக்க வெச்சேன். அதனாலதான் காய்ச்சல் கண்டுட்ச்சாம்மா?"

அந்த இரண்டாவது சொம்பு எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தார் என்று நினைத்தேன். அக்கா போனதிலிருந்து அவர் கூழோ மோரோ தொடுவதில்லை. துக்கம் என்று விட்டிருந்தோம்.

"இல்ல மாமா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாத்தான் மாமா."

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் அவர் நம்பவில்லை. சாயங்காலம் தயிர் விட்டுக் கொடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, வெறும் ரசம் கேட்டார்.

அந்தத் தாள் என் ஆய்வேட்டுக்குள், சுருங்கிய செல்களின் படம் இருக்கிற பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்துப்போய் அவர் முன்னால் ஆறாவது வரியை வாசித்தால், அவர் சுமக்கிற இரண்டாவது சொம்பு இறங்கிவிடும். குற்றம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் குற்றம் நடந்ததா என்பதே எனக்குத் தெரியாதே. கூழால்தான் அவள் போனாள் என்ற தெரியாத ஒன்றை நான் அவருக்குத் தெரிந்த ஒன்றாக ஆக்கிவிடுவேன். மனைவி கடைசியாக ஆசைப்பட்டுக் குடித்தது விஷம் என்று அவர் மிச்ச வாழ்நாள் முழுக்க நினைப்பார். வாசிக்காமல் இருந்தால் தன் கையால் ஊற்றியதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். என் கணவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. எழுதுவது இதுதான் முதல் முறை. பெயர் போடாததற்கும் அதுதான் காரணம்.

இன்னும் பதினோரு நாளில் ஆடி மூன்றாம் ஞாயிறு. வெள்ளிக்கிழமை நான் மாவு கரைக்க வேண்டும். முதல் சொம்பைப் பெரிம்மா படத்துக்கு வைத்துவிட்டுத் தான்தான் குடிப்பேன் என்று மகள் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நல்ல உடம்பு, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்த முறை தண்ணீரை நானே கொதிக்க வைப்பேன்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், எதையோ சொல்லாமல் விட்டவர்கள், பிறகு சொன்னவர்கள் உங்களில் இருப்பீர்கள். கிருமியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், அது எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால், மாமாவை உட்கார வைத்து, தாளை நிறுத்தி நிதானமாக, ஒன்றும் விடாமல், நான் இன்னொரு முறை வாசிக்க வேண்டுமா?